நாலூர் வில்லை குளிர்ந்த கோடை

பெரியதுறை, சங்குப்புரை, தோணிமேடு, மணல்முனை என்று நாலு ஊர்கள் ஒரே கடலைப் பார்த்து, ஒரே காற்றை வாங்கி, ஒரே காசைக் கைமாற்றிப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சித்திரை மாதம் அந்தக் காசு குளிர ஆரம்பித்தது. விடியற்காலையில் தொட்டால் சிலுசிலுவென்று இருக்குமே, அந்தக் குளிர் இல்லை. நாக்கில் வைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் குளிர், மடியில் முடிந்தால் தொடை மரத்துப்போகும் குளிர். நம்பாதவர்கள் சங்குப்புரை டீக்கடைக்காரரின் இடது தொடையைப் போய்ப் பார்க்கலாம். அங்கே இன்றைக்கும் ஒரு காசு அகலத்துக்கு முடி முளைப்பதில்லை.

காசு என்றால் சர்க்கார் காசு என்று நினைத்துவிடக் கூடாது. அது ஐஸ் வில்லை. பெரியதுறையில் இஞ்ஞாசியின் அப்பா ஐஸ் கம்பெனி தொடங்கிய சமயம் சில்லறைக்குப் பெரிய திண்டாட்டம் வந்தது. மனுஷன் அலுமினியத் தகட்டில் வட்டம் வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் மீன் அச்சு குத்தி, இதைக் கொண்டுவந்து நீட்டினால் ஒரு பார் ஐஸ் என்று வள்ளக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டார். மீன் பிடிக்கிறவனுக்கு ஐஸ் இல்லாமல் பிழைப்பு இல்லை. ஆகையால் அந்தக் கரையில் வில்லை வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. ஆகையால் டீக்கடைக்காரர் வாங்கினார், மளிகைக்காரர் வாங்கினார், முடிவெட்டுகிறவர் வாங்கினார், கோயில் உண்டியலில் விழுந்தது, கல்யாண மொய்யில் விழுந்தது. கடைசியில் கரண்டு பில்லுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் தவிர ரூபாயைத் தேடுவாரில்லை. எத்தனை வில்லை அடிப்பது, யாருக்கு முன்பணம் கொடுப்பது என்று பார்க்க நாலூர்க் கமிட்டி என்று ஒன்று வைத்துக்கொண்டார்கள். நாலு ஊருக்குள் சண்டை வராமலில்லை. வலையை அறுத்தார்கள், மண்டையை உடைத்தார்கள். ஆனால் உடைந்த மண்டைக்குக் கட்டுப்போட்ட செலவையும் உடைத்தவன் அதே வில்லையில்தான் எண்ணி வைத்தான்.

அப்பாவுக்குப் பிறகு கம்பெனி இஞ்ஞாசி கைக்கு வந்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் அவருக்கு வினை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையில் அவருக்குத் தூக்கம் போயிருக்காது. நல்லவர், ஆனால் ஆசைக்காரர். இருந்த மிஷின் போதாதென்று பாங்கில் கடன் வாங்கி இரண்டாவது மிஷினை இறக்கினார். இறக்கிய பிறகுதான் தெரிந்தது, இரண்டு மிஷின் துப்புகிற ஐஸை வாங்க இந்தக் கரையில் வள்ளம் இல்லை. அப்போதுதான் அவர் கமிட்டியில் பேசி நிறைய வில்லை அடிக்கவைத்து, சாக்கில் கட்டி, உப்போடை மரப்பாலத்தைத் தாண்டி மணல்முனைக்குப் போனார். தங்கை வெரோணியைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே வீடு வீடாக ஏறி இறங்கினார். வேண்டாம் என்றவர்களிடம் உட்கார்ந்து பேசினார். புது வலை வாங்கு, எஞ்சினை மாற்று, கடல் எங்கே ஓடிவிடப்போகிறது, மீன் பட்டபிறகு கொடு என்றார். வெரோணியின் புருஷன் தொம்மை முதல்நாள் மறுத்தான், மறுநாளும் மறுத்தான். அதற்கடுத்த நாள் இஞ்ஞாசி தன் கையாலேயே பத்திரமாக அவன் மடியில் வைத்துவிட்டு வந்தார்.

பிறகு புயல் வந்தது, மற்ற மூன்று ஊரையும் மிரட்டிவிட்டு மணல்முனையை மட்டும் அடித்துவிட்டுப் போனது. போகும்போது அங்கே இருந்த மீனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது போலிருந்தது. புது வலைகள் மண்ணுக்குள் போயின, புது எஞ்சின்கள் தண்ணீர் குடித்தன, கடன் மட்டும் ஈரம்படாமல் அப்படியே இருந்தது. தொம்மையின் வள்ளத்தை ஈடாக இழுத்துவந்து ஐஸ் கம்பெனித் துறையில் கட்டினார்கள். அது அங்கே வெயிலில் காய்ந்து, பலகை விரிந்து, காகம் உட்காரும் வள்ளமாகிவிட்டது.

மணல்முனைக் கடன் ஏற ஏற, மற்ற ஊர்களில் வில்லைக்கு மதிப்புப் போய்விடுமோ என்ற பயமும் ஏறியது. கமிட்டி கூடியது. சங்குப்புரை கயித்தான்தான் தலைவர். வலைக்கடை வைத்திருந்த வாய்க்காரர். கடன் வாங்கித் தின்றே பழகிவிட்டார்கள், உடம்பு வணங்காது, கள்ளுக்கும் கோழிக்கும் செலவழித்துவிட்டு நம் தலையில் கைவைக்கிறார்கள், இனிமேல் மணல்முனை ஆள் நீட்டுகிற வில்லை மூன்று ஊரிலும் செல்லாது என்று தீர்மானம் போடுவோம் என்றார். பேசி முடித்துவிட்டு இஞ்ஞாசியைப் பார்த்தார்.

"நீரு சொல்லும் ஓய். உமக்குத்தான் அந்த ஊரு உள்ளும் புறமும் தெரியும். நான் சொன்னதுல பொய் உண்டா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வாசல் பக்கம் பெண்களோடு பெண்களாக வெரோணி நின்றாள். இஞ்ஞாசிக்கு, இவர்கள் கேட்டு வாங்கவில்லை, நான்தான் சுமந்துபோய்க் கொடுத்தேன் என்று சொல்ல வாய் வந்தது. பாங்க்காரன் ஞாபகம் வந்தது. இரண்டாவது மிஷின் ஞாபகம் வந்தது. அவர் தலையை ஆட்டினார். பொய் உண்டு என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா என்று அவரே பிறகு தனக்குள் வாதாடிப் பார்த்ததுண்டு. ஆனால் கூடியிருந்தவர்களுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. வெரோணிக்கும் வரவில்லை. தீர்மானம் நிறைவேறியதும் அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு உண்டியலைத் திறந்த உபதேசியார் கையை உதறினார். தேள் என்று நினைத்தார். தேள் இல்லை, வில்லை. அதே நேரம் டீக்கடையில் கல்லாப்பெட்டிமேல் பனி பூத்திருந்தது. கடைக்காரர் ஆற்றிக்கொடுத்த டீ, கல்லாவைத் தாண்டி வருவதற்குள் குடித்து முடித்த டீயைவிட ஆறிப்போய் வந்தது. மூன்று ஊரிலும் இப்படி. ஏன் குளிர்ந்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடும் என்று எல்லோருக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கலாம். இதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார்கள்.

செய்ய நிறைய இருந்தது. மீன்மேல் ஒரு படி வில்லையைக் கொட்டி மூடினால் மூன்று நாள் ஆனாலும் செவுள் சிவப்பு மாறவில்லை. தலைவலிக்கு நெற்றியில் ஒன்று, சுளுக்குக்கு இரண்டு, கோபக்காரக் கணவனுக்குத் தலையணைக்கு அடியில் ஒரு கைப்பிடி. திருடன் ஒருவன் தோணிமேட்டில் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி, வெட்டவெளியில் நடுங்கி உட்கார்ந்து, சொந்தக்காரர் வரும்வரை காத்திருந்து சாக்கைக் கொடுத்து, ஒரு டீ வாங்கித்தரச் சொல்லிவிட்டுப் போனான். பட்டணத்திலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார், உஷ்ணமானி பழுது என்று எழுதிக்கொண்டு போனார்.

இஞ்ஞாசியின் ஐஸ் மட்டும் விற்கவில்லை. வில்லையே ஐஸாக இருக்கும்போது வில்லையைக் கொடுத்து ஐஸ் வாங்குகிற முட்டாள் யார்? இரண்டு மிஷினும் நின்றன. நின்ற மிஷினைவிட அவர் வீடு குளிர்ந்தது, ஏனென்றால் எங்கே வில்லை அதிகமோ அங்கே குளிர் அதிகம் என்பது அதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கத்திரி வெயிலில் ரோட்டுத் தார் இளகிக்கொண்டிருக்க, அவர் வீட்டுத் தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்திருந்தது. தோசைமாவு புளிக்க மறுத்தது, பால் தயிராக மறுத்தது, அடைகாத்த கோழி முட்டையை விட்டு எழுந்து தெருவில் போய் நின்றது. பெண்டாட்டி சலேத்தம்மாள் ஊட்டிக்குப் போனபோது வாங்கிய சால்வையைப் போர்த்திக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சமைத்தாள். ஒருநாள் அதையும் நிறுத்தினாள்.

"இந்தக் குளிரு இரும்புப் பெட்டிக்குள்ள இருந்து வரல. ஒங்க பக்கத்துல படுத்தாதான் எனக்கு வெறைக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாமான்களைக் கட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வில்லை வேண்டாம் என்கிற காலமும் வந்தது. யாரும் அதைக் கையால் வாங்க விரும்பவில்லை. மளிகைக்காரர் அரிசியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு கொடுங்கள், அவசரம் ஒன்றுமில்லை என்று கும்பிட்டார். முடிவெட்டுகிறவர் பாதித் தலையில் கத்தரியைப் போட்டுவிட்டு, காசு கொடுக்க மடியை அவிழ்த்தவரைக் கண்டு பின்கதவு வழியாக ஓடினார். கடனைத் திருப்பிக் கொடுக்க வருகிறவனைத் தெருக்கோடியில் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். இப்படி ஒருவருக்கொருவர் கொடுக்கமுடியாமல், வாங்கமாட்டாமல், கடன்காரர்கள் என்று ஒரு ஊரையே ஒதுக்கிவைத்த மூன்று ஊரும் தலைமுடிவரை கடனில் நின்றன. இதைக் கண்டு சிரிக்கக்கூட முடியவில்லை, பல் தந்தியடித்தது.

மணல்முனையில் குளிரவில்லை. அங்கே வில்லையும் அதிகமில்லை, ஐஸும் வருவதில்லை. அகப்பட்ட கொஞ்சம் மீனைக் கீறி, உப்புப் போட்டு, மணலில் பாய் விரித்துக் கருவாடாகக் காயவைத்தார்கள். வெயில் அங்கே வெயிலாக இருந்தது. முதலில் யார் பாலத்தைத் தாண்டினார்கள் என்று தெரியாது. எல்லோரும் தான் இரண்டாவதாகத்தான் போனதாகச் சொல்கிறார்கள். தங்கை வீடு, சம்பந்தி வீடு, கருவாடு வாங்க, சும்மா காற்றாட என்று சாக்குச் சொல்லிக்கொண்டு போனார்கள். போய் வெரோணியின் முற்றத்தில் கருவாட்டுப் பாய்களுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் அப்பாடா என்றார்கள். மடியிலிருந்த வில்லையை அவள் கையில் வைத்தபோது அது வெறும் அலுமினியமாகிவிட்டதை அவர்களே பார்த்தார்கள்.

வெரோணி சும்மா உட்காரவிடவில்லை. முன்வரிசைக்கு ஒரு ரேட், பின்வரிசைக்கு ஒரு ரேட். கருவாட்டுக்கு வரும் பூனையை விரட்டினால் ரேட்டில் கழிவு உண்டு. கயித்தான் மப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, உழைக்காத ஊரின் வெயிலைக் காசு கொடுத்து வாங்கிக் காய்ந்தார்.

இஞ்ஞாசியும் ஒருநாள் போனார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் வாசலில் நின்று வெரோணி என்று கூப்பிட்டார். அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"எடமில்ல."

பின்வரிசையில் இடம் இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள். தொம்மை எழுந்து, வாங்க மச்சான் என்று சொல்ல வாயெடுத்து, பெண்டாட்டியைப் பார்த்து உட்கார்ந்தான். இஞ்ஞாசி திரும்பிப் பாலத்தில் நடந்தார். பாதிப் பாலத்துக்கு மேல் மறுபடி மூச்சு புகையாக வந்தது.

மறுவாரம் கமிட்டி கூடியது. கூட்டத்தை வெயிலில் போட்டார்கள். இனி இந்தப் பொது வில்லையே வேண்டாம் என்பது கயித்தானின் யோசனை. எல்லாவற்றையும் உருக்கிவிடுவோம், அவரவர் ஊருக்கு அவரவர் காசு அடித்துக்கொள்வோம், மணல்முனைக் கடனை ரூபாயாகக் கணக்குப் போட்டு ஈடுகளை ஏலத்தில் விட்டுக் கழித்துக்கொள்வோம். முதல் ஏலம் தொம்மையின் வள்ளம். காயல் பக்கத்து வியாபாரி ஒருவர் விறகு விலைக்குக் கேட்டிருக்கிறார். வள்ளம் போனால் தொம்மை குடும்பத்தோடு வடக்கே எங்கேயாவது இறால் பண்ணைக்கு மண்வெட்டப் போகவேண்டியதுதான். வெரோணியை இனி பெரியநாள் பண்டிகைக்குக்கூடப் பார்க்கமுடியாது. பார்த்தாலும் அவள் பார்க்கமாட்டாள் என்பது வேறு.

கயித்தான் வழக்கம்போலப் பேசி முடித்து வழக்கம்போல இஞ்ஞாசியைப் பார்த்தார். ஒரு தலையாட்டுதான் வேண்டியிருந்தது. இஞ்ஞாசியின் கழுத்து திரும்ப மறுத்தது. உறைந்துபோய்விட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எப்படியோ, தலையை ஆட்டமுடியாத மனுஷன் வாயைத் திறக்கவேண்டியதாயிற்று.

"அவுக கேக்கல" என்றார்.

என்ன கேட்கவில்லை என்றார் கயித்தான்.

"கடன். மணல்முனையில ஒருத்தரும் வந்து கேக்கல. நான் சாக்குல கட்டிக் கொண்டு போய்க் குடுத்தேன். வேண்டாம்னவுக மடியில வச்சேன். எம் மிஷினு ஓடணும்னு செஞ்சேன். அன்னைக்கி இதே கூட்டத்துல நீரு என்னைக் கேட்டபோது தலையை ஆட்டுனேன் பாரும், அது பொய்."

கடல்கூடக் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டது. பிறகு தோணிமேட்டு எஞ்சின் மெக்கானிக் செருமினார். புயலில் போன எஞ்சின்களில் பாதி பழசு, பெயின்ட் அடித்து அவர்தான் புதுசென்று தலையில் கட்டினார். மளிகைக்காரர் தரையைக் கீறினார். கடைசியில் கயித்தான் மப்ளரை அவிழ்த்து மடித்தார், மறுபடி சுற்றினார், அவிழ்த்தார்.

"வலையும் அப்பிடித்தான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "நாலு வலை போதும்னான் தொம்மை. எட்டுத் தள்ளிவிட்டேன்."

அன்றைக்கு என்ன தீர்மானம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வில்லையை உருக்கவில்லை என்பது தெரியும். வாய்ப்பேச்சில் முடிவானது இது: தள்ளிக்கொடுத்த கடனைத் தள்ளிக்கொடுத்தவர்களே பங்கிட்டுக்கொள்வது, கேட்டு வாங்கிய கடனை மட்டும் மீன் பட்ட பிறகு மணல்முனை தருவது, செல்லாது என்று சொன்னதைச் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள்வது. இஞ்ஞாசி இரண்டாவது மிஷினை விற்றுப் பாங்க்காரனை அடைத்தார். வள்ளத்துக்குப் பலகை மாற்றிக் கீல் பூசித் தொம்மை வீட்டுக்கு நேரே கொண்டுபோய்க் கட்டச்சொன்னார். கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனவர்களின் கல்லாவிலும் மடியிலும் வில்லைகள் சாதாரண அலுமினியமாகக் கிடந்தன. டீ சூடாக வந்தது. கோழி முட்டைக்குத் திரும்பியது. சலேத்தம்மாளும் திரும்பினாள், ஆனால் கட்டிலைத் தனியாகப் போட்டுக்கொண்டாள்.

ஏனென்றால் இஞ்ஞாசியின் வலதுகையை, மடியில் வில்லை வைத்த அந்தக் கையை, மட்டும் குளிர் விடவில்லை. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை, சவம் போல அல்ல, ஐஸ் பார் போலக் குளிர். வெந்நீரில் வைத்தால் வெந்நீர் ஆறியது. பங்குச்சாமியார் மந்திரித்துப் பார்த்தார், அவர் விரலும் மரத்தது. கை கொடுக்க வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இஞ்ஞாசி யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குளிர் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஊர் எதையும் வீணாக விடுகிற ஊரில்லை. ஆனி மாதம் விஷக்காய்ச்சல் வந்தது. தோணிமேட்டில் ஒருத்தி கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு ஓடிவந்து, அவர் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். கொதித்துக்கொண்டிருந்த பிள்ளை வியர்த்துத் தூங்கியது. அதன்பிறகு அவருக்கு ஓய்வில்லை. காலையில் சங்குப்புரை, மத்தியானம் தோணிமேடு. கூலி கொடுக்க வில்லையை நீட்டினால் வாங்கமாட்டார், இடதுகையால்கூட வாங்கமாட்டார். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். மணல்முனையிலிருந்து மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

ஒருநாள் மத்தியானம் தொம்மை வந்து கம்பெனி வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அவ கூப்பிடல மச்சான். நானாத்தான் வந்தேன். மூணு நாளா கண்ணு தொறக்கல."

இஞ்ஞாசி செருப்பைப் போடாமல் நடந்தார். பாலம் வெயிலில் கொதித்தது, அவர் பாதத்துக்குத் தெரியவில்லை. முற்றத்தில் கருவாடு, புரட்ட ஆளில்லாமல், ஒருபக்கமே காய்ந்து வளைந்து கிடந்தது. உள்ளே பாயில் வெரோணி கிடந்தாள். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, பிதற்றி ஓய்ந்த முகம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கை வைப்பதற்கு முன் நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூறு நெற்றியில் வைத்த கைதான், இந்த நெற்றியில் வைக்க அதற்குத் தகுதி உண்டா என்று நின்றது. பிறகு வைத்தார்.

அவள் உடம்பு ஒருதரம் உதறியது. தொம்மை வாசல்படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தான். வெயில் சுவரில் ஏறி, ஓட்டு இடுக்கில் போய் நின்றது. அவள் மூச்சு மெல்ல இறங்கியது. கண் திறக்காமலே கேட்டாள்.

"யாரு?"

கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாமலிருக்க வழியில்லை, நாலு ஊரிலும் அப்படி ஒரு கைதான் உண்டு. அவள் வெடித்த உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"இதுக்கு எத்தன வில்லை?"

அவர் அழுதார். கையை எடுத்துவிடவேண்டும் என்று தோன்றியது, எடுத்துக்கொண்டு எழுந்து பாலத்தைத் தாண்டிப் போய்விடவேண்டும் என்று. மெல்லத் தூக்கினார். நெற்றிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி வந்ததும், அவள் கை பாயிலிருந்து எழும்பித் தடவித் தேடி அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"எடுக்காதிய" என்றாள்.